பொடி இல்லாத கார்

கண்டியில் மணல் கிடையாது. வீடு கட்டுவதற்கு வேண்டிய மணல்கூட மகாவலிக் கரையிலிருந்து லொறியில்தான் வரும். மற்றபடி மலை இருக்கிறது, வளைவு இருக்கிறது, வருஷத்தில் பாதி நாள் மழையும் இருக்கிறது. இந்த ஊரில் இருந்துகொண்டு, பாலைவன மணல்மேடுகளில் பாய்ந்து ஓடுவதற்கென்றே யாரோ கண்டுபிடித்த ஒரு வண்டியை நானும் செய்தேன். சுயபுத்தியோடுதான் செய்தேன். அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. சின்னப் பிள்ளை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

நான் அரசாங்க அலுவலகமொன்றில் படவரைஞர். பாலம், மதகு, கால்வாய் என்று மற்றவர்கள் கட்டப்போவதைக் கடுதாசியில் கீறிக் கொடுப்பது என் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, மஹய்யாவையில் சரிவான ஒரு ஒழுங்கையில் வாடகை வீட்டில் இருந்தோம். மனைவி நாவலப்பிட்டியில் கணித ஆசிரியை. காலை ரயிலில் போய்ப் பின்னேர ரயிலில் வருவாள். கணக்குப் படிப்பிக்கிறவளுக்கு என்னைப்போல ஒருவன் எப்படி விடையாகக் கிடைத்தான் என்று அவளுடைய சிநேகிதிகள் கேட்பதுண்டு.

எங்களிடம் ஒரு பழைய ஜெர்மன் கார் இருந்தது. ஆமை முதுகு போலக் கூன் விழுந்த கார். சிங்களத்தில் அதற்குச் செல்லப் பெயரே 'இப்பா', அதாவது ஆமை. எஞ்சின் பின்பக்கம். தண்ணீர் ஊற்றத் தேவையில்லை, காற்றாலேயே குளிர்ந்துகொள்ளும். இந்த விஷயத்தை நான் பஸ் நிலையத்தில் பக்கத்தில் நின்றவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். காரை வைத்துக்கொண்டு ஏன் பஸ் நிலையத்தில் நின்றேன் என்றால், கார் பெரும்பாலும் ஓடாது.

எண்பத்து மூன்றாம் ஆண்டு யூலையிலும் அது ஓடவில்லை. கலகெதரையில் கராஜ் வைத்திருந்த நானா வந்து, எஞ்சினைக் கழற்றித் தன் வேனில் ஏற்றிக்கொண்டு போனார். நாங்கள் அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். முஸ்லிம் மனிதர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பேச்சைவிடச் சிரிப்பு அதிகம். ஒரு கிழமையில் எஞ்சின் தயார் என்று சொல்லி அனுப்பினார். நான் அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று தள்ளிப்போட்டேன். கார் எஞ்சின் இல்லாமல் எங்கள் வாசலில் நின்றது.

தமிழர்களுக்கு எதிரான கலவரம் கண்டிக்கு வந்த அன்று எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற ரயில்வே கார்ட், சிங்களவர், வேலியைப் பிரித்து எங்கள் இருவரையும் தன் வீட்டுப் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நெல் மூட்டைகளுக்கும் பழைய கட்டிலுக்கும் நடுவில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். மனைவி என் கையைப் பிடித்திருந்தாள். அவளுக்குத் தைரியம் கொடுப்பதற்காக நானும் பிடித்திருக்கிறேன் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் என் நகம் அவள் கையில் நாலு இடத்தில் பதிந்திருந்தது.

வெளியே நடந்ததைப் பெரியவர் மறுநாள் சொன்னார். வந்தவர்கள் வீட்டுக் கண்ணாடிகளை உடைத்தார்கள். வீட்டுச் சொந்தக்காரர் சிங்களவர் என்பதால் வீட்டுக்குத் தீ வைக்கவில்லை. பிறகு காரை நோக்கிப் போனார்கள். முன்பக்க மூடியைத் திறந்தார்கள், எஞ்சின் இல்லை. யாரோ விஷயம் தெரிந்தவன் பின்பக்கத்தைத் திறந்தான், அங்கேயும் இல்லை. "அது ஓடாத கார், பாவம், விட்டுவிடுங்கள்" என்று பெரியவர் சொல்லிப் பார்த்திருக்கிறார். இரண்டு பக்கமும் எஞ்சின் இல்லாத காரைக் கண்டு அவர்களுக்குக் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கொளுத்திவிட்டார்கள்.

மூன்றாம் நாள் நாங்கள் போய்ப் பார்த்தோம். கூரையும் கதவுகளும் சுருண்டு கிடந்தன. இருக்கைகளில் கம்பிச் சுருள்கள் மட்டும். ஆனால் அடித்தட்டு, நடுவில் முதுகெலும்புபோல ஓடும் அந்தக் குழாயோடு, வளையாமல் நேராக இருந்தது. படவரைஞன் கண்ணுக்கு அதுதான் முதலில் பட்டது.

மனைவி மெதுவாகச் சொன்னாள். "இனி இங்க என்ன கிடக்கு? இடமாற்றத்துக்கு எழுதிப் போடுங்கோ. ஊருக்குப் போவம்."

நான் சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

"எஞ்சின் கலகெதரையில கிடக்கு."

"எஞ்சினோ?" என்று கேட்டாள். குனிந்து, கருகிப்போன ஒரு கதவுப் பிடியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டாள். எனக்கு அவள் சொன்னது சரியென்றுதான் பட்டது. ஆனால் துரத்தினார்கள், போனோம் என்று ஆகிவிடக் கூடாது என்று உள்ளே ஒரு பிடிவாதம். அதை அப்படியே வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எஞ்சினைச் சொன்னேன்.

ஊர் கொஞ்சம் அடங்கியதும் கலகெதரைக்குப் போனேன். நானா எஞ்சினைச் சாக்குகளால் மூடி, மேலே தென்னோலை போட்டு மறைத்து வைத்திருந்தார்.

"ஒங்கட எஞ்சின் பத்திரமா ஈக்கி சேர். போடுறதுக்குக் கார்தான் இல்ல" என்றார். சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

நான் சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தேன். பல் வைத்தியரின் வரவேற்பறையில், வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றிலிருந்து, கிழிக்கும் சத்தம் கேட்காதபடி இருமி இருமிக் கிழித்த பக்கம். அதில் கூரையில்லாத, கதவில்லாத, வெறும் குழாய்களால் ஆன ஒரு வண்டி மணல்மேட்டிலிருந்து ஆகாயத்தில் பாய்ந்துகொண்டிருந்தது. பின்னால் எங்கள் எஞ்சினேதான், திறந்தபடி. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் பல்லைக் காட்டிக்கொண்டு ஓட்டினான்.

"இதுக்குப் பொடியே தேவையில்ல நானா. அடித்தட்டும் எஞ்சினும் போதும்."

பொடி என்றால் காரின் மேலுடம்பு, ஆங்கிலத்தின் 'பாடி'. எங்கள் பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் அதற்கு அந்த ஒரே சொல்தான். பிணத்துக்கும் அதே சொல்தான். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருக்க வேண்டும், நான் வைத்திருக்கவில்லை.

நானா படத்தை வெகுநேரம் பார்த்தார். "மழ பேஞ்சா?" என்று கேட்டார்.

"நனையிறதுதான்."

"அப்ப சரி" என்றார்.

ஏழு தாள்களில் நான் வரைபடம் கீறினேன். மேலிருந்து, பக்கத்திலிருந்து, வெட்டுமுகம், எல்லாம். அலுவலகப் பழக்கத்தில் ஒவ்வொரு தாளின் மூலையிலும் வடக்கைக் காட்டும் அம்புக்குறியையும் போட்டுவிட்டேன்.

"இந்த அம்பு என்னத்துக்கு சேர்?"

"அது வடக்கு."

"காருக்கு வடக்கு என்னத்துக்கு? இந்தக் காலத்துல அந்தப் பக்கம் போகாட்டி நல்லம்" என்று சொல்லி நானா சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த நாட்களில் அப்படித்தான், எதற்காவது சிரித்துவிட்டுப் பிறகு அவரவர் வேலைக்குத் திரும்புவோம்.

வேலை ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. படத்திலுள்ளதுபோலக் குட்டையாக்க, அடித்தட்டைக் குறுக்கே வெட்டி, ஒரு அடி நீளத்தைக் குறைத்து, திரும்ப ஒட்டவைக்க வேண்டும். எங்கே வெட்டுவது என்று அளந்தது நான். நானா இரண்டு முறை "நிச்சயமா சேர்?" என்று கேட்டார். அரசாங்கத்தில் எத்தனையோ பாலங்களுக்கு அளவு போட்டவன் என்ற மிதப்பில் "வெட்டுங்கோ" என்றேன். ஒட்டி முடித்து ஏறி உட்கார்ந்தபோது என் முழங்கால்கள் இரண்டும் ஸ்டியரிங்குக்கு மேலே வந்து நின்றன. வளைவில் திருப்பும்போது ஒரு காலை வெளியே எடுத்து வைத்தால்தான் திருப்பலாம். இப்படிச் சொன்னால் நம்பமாட்டார்கள், ஆனால் அந்த வண்டியை நான் கடைசிவரை அப்படித்தான் ஓட்டினேன்.

மேலே கூடு கட்டியது தண்ணீர்க் குழாய்களால். இருக்கைகள் ஒரு பழைய பஸ்ஸினுடையவை. முன்விளக்குகள் லொறியொன்றிலிருந்து வந்தவை, தவளைக் கண்கள்போலத் துருத்திக்கொண்டிருந்தன. எரிந்த காரின் இலக்கத் தகட்டைத் தேய்த்து, சாயம் பூசி முன்னால் மாட்டினோம். முதன்முதலாக அதை வீட்டுக்கு ஓட்டி வந்தபோது மனைவி வாசலில் நின்று முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"மிச்சம் எப்ப வரும்?" என்று கேட்டாள்.

என் அடுத்த முட்டாள்தனம் முழுக்க என்னுடையது, நானாவுக்கு அதில் பங்கில்லை. படத்தில் எஞ்சின் பளபளவென்று திறந்து கிடந்ததல்லவா? எங்கள் எஞ்சினின் மேல் ஒரு பெரிய தகர மூடி கவிழ்ந்திருந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, நானாவிடம் காட்டலாம் என்று கலகெதரைக்கு இறங்கினேன். இறக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் வீட்டில் இல்லாததால் திரும்பி ஏறினேன். ஏற்றத்தின் நாலாவது வளைவில் பின்னாலிருந்து புகை வந்தது. ஆறாவது வளைவில் எஞ்சின் நின்றது. ஒரு மாட்டுவண்டிக்காரர் என்னை நானாவின் கராஜ் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் விட்டார்.

அதற்குள் வந்து சேர்ந்திருந்த நானா எஞ்சினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சேர், இது காத்துல குளிர்ற எஞ்சின். அந்த மூடிதான் காத்தப் புடிச்சி எஞ்சினுக்கு அனுப்புறது. காத்து வார வழியக் கழட்டி ஊட்டுல வெச்சிட்டு வந்தீக்கிறீங்களே."

காற்றாலேயே குளிரும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். எப்படிக் குளிர்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

எஞ்சினைத் திருத்தி, மூடியை மாட்டிய பிறகு வண்டி ஒழுங்காக ஓடியது. சோதனைச் சாவடிகள்தான் கரைச்சல். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒருநாள் ஒரு இளம் சிப்பாய் என்னை மறித்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் என்று என் அடையாள அட்டை சொன்னது. வண்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பொடி எக்க கோ?" என்று கேட்டான். பொடி எங்கே என்று அர்த்தம்.

எனக்குப் பயம் வந்தால் என் சிங்களத்தில் எழுவாய் தொலைந்துவிடும். 'பொடியைச் சிலர் எரித்துவிட்டார்கள்' என்று சொல்ல நினைத்தேன். வாயிலிருந்து வந்தது, 'பொடியை எரித்தாச்சு' என்பது மட்டும்.

அவன் துப்பாக்கியை உயர்த்தினான். "எங்கே எரித்தாய்?"

"வீட்டுக்கு முன்னால், தெருவில்."

"எப்போது?"

"எண்பத்து மூன்றில்."

கைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கச் சொன்னான். என் முழங்கால்கள் ஸ்டியரிங்கில் மாட்டியிருந்ததால் கைகளைத் தூக்கிக்கொண்டு இறங்க முடியாது. அதை விளக்க எனக்குச் சிங்களம் போதவில்லை. நல்லவேளை, உள்ளேயிருந்து வயதான சார்ஜன்ட் ஒருவர் வந்தார். பின்னால் போய் எஞ்சினைப் பார்த்ததும், "ஆ, இப்பா!" என்றார். அவருடைய மாமாவிடம் அப்படியொரு கார் இருந்ததாம். என்ன நடந்ததென்று அவருக்கு விளங்கிவிட்டது. சிப்பாயிடம் இரண்டு வார்த்தை சொன்னார். அவன் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டு வேறு பக்கம் பார்த்தான். சார்ஜன்ட் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, சாவடியைச் சுற்றி ஒருமுறை ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். அவர் சந்தோஷமாக இறங்கிப் போனார். நான் அடுத்த வளைவில் நிறுத்தி, 'பொடியைச் சிலர் எரித்துவிட்டார்கள்' என்று சிங்களத்தில், எழுவாயோடு, பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன்.

பிறகு தெற்கில் சிங்கள இளைஞர்களும் அரசாங்கத்துக்கு எதிராகக் கிளர்ச்சி செய்தார்கள். அவர்கள் சுவரில் ஒரு கடுதாசி ஒட்டினால் போதும், கடை திறக்காது, பஸ் ஓடாது. மீறினால் சுடுவார்கள் என்ற பயம். ஒருநாள் மனைவி காலை ரயிலில் போன பிறகுதான் அப்படியொரு கடுதாசி ஒட்டப்பட்ட செய்தி எங்களுக்கு வந்தது. பத்து மணிக்குள் கண்டி வெறிச்சோடிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, இன்றைக்கு ரயில் திரும்பி வராது என்றார். ரயில்வேக்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

"நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்" என்றேன்.

"போகாதே. அங்கேயே யாராவது ஆசிரியர் வீட்டில் தங்கிவிடுவாள். அவளுக்குப் புத்தி இருக்கிறது" என்று அவர் சிங்களத்தில் சொன்னார். எனக்கு இருக்கிறதா என்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

புறப்பட்டேன். உண்மையைச் சொன்னால், கறுப்புக் கண்ணாடியையும் போட்டுக்கொண்டேன்.

பேராதனையிலிருந்து கம்பளை வரைக்கும் தெருவில் ஒரு வாகனம் இல்லை. கதவுகள் மூடியிருந்த கடைகளுக்கு நடுவே என் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. கம்பளைக்குச் சற்று முன்னால் தெருவோரத்தில் டயர் எரிந்துகொண்டிருந்தது. அதற்குள் கிடந்தவனை நான் பார்க்கவில்லை. பார்த்துவிடாமல் இருக்க எவ்வளவு முயன்றேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன்.

கம்பளை தாண்டியதும் தெருவுக்குக் குறுக்கே ஒரு பெரிய மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். வலப்பக்கம் மணல் லொறிகள் இறங்கும் பாதை ஒன்று ஆற்றுக்குப் போனது. இறங்கினேன். பாதை ஆற்றோரமாகவே போய்த் திரும்பத் தெருவில் ஏறியிருக்கும். ஆனால் நடுவில் வெள்ளை வெளேரென்று ஒரு மணல் திட்டு அகலமாகக் கிடந்தது. ஐந்து வருஷமாகத் தார் ரோட்டிலும் சேற்றிலும் ஓடிய வண்டி அது. இதற்காகத்தான் பிறந்தது என்று தோன்றியது. பாதையை விட்டு மணலில் இறக்கினேன்.

இருபது யார் தூரம் போனது. பிறகு பின்சக்கரங்கள் சுழன்றன, வண்டி முன்னால் போகாமல் கீழே போனது. மேலும் மேலும் அழுத்தினேன். எஞ்சினின் அடிவயிறு மணலில் உட்காரும்வரை விடவில்லை.

ஆற்றங்கரையில் தேயிலைத் தோட்டத்து ஆள் ஒருவர் மனைவியோடு துணி அலசிக்கொண்டிருந்தார். இருவரும் எழுந்து வந்தார்கள்.

"என்னங்க சார், ஆத்துக்குள்ள கார கொண்டாந்துட்டீங்க?"

"இது மணல்ல ஓடுற கார்" என்றேன்.

"அப்பறம் ஏங்க ஓடல?"

அந்த அம்மா குழாய்க்கூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மேல மழ பேயுதுங்க. தண்ணி ஏறும். சட்டுனு எடுங்க" என்றாள். மூன்று பேரும் கையால் மணலைத் தோண்டினோம். தோண்டத் தோண்டச் சரிந்தது. நாவலப்பிட்டிப் பக்கத்து மலைகள் கறுத்துக்கொண்டு வந்தன. எனக்கு அழுகை வரப் பார்த்தது. வண்டிக்காக என்று அவர்கள் நினைத்திருக்கக் கூடும்.

அப்போது லொறிப் பாதையில், நாவலப்பிட்டியிலிருந்து வரும் திசையில், தோட்டத்து டிராக்டர் ஒன்று வந்தது. மரம் விழுந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு வந்த டிராக்டர். பின்னால் இழுவைப் பெட்டியில் கொழுந்துச் சாக்குகளின் மேல் ஐந்தாறு ஆசிரியைகள். அவர்களில் ஒருத்தி என் மனைவி. டிராக்டர் நின்றது. அவள் குடையைப் பிடித்தபடி இறங்கி, மணலில் நடந்து வந்து, என் முன்னால் நின்றாள்.

"இங்க என்ன செய்யிறியள்?"

"உம்மைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான்."

"ஓம்," என்றாள். "தெரியுது."

டிராக்டர்க்காரர் சங்கிலி போட்டு ஒரே இழுப்பில் வண்டியை வெளியே எடுத்தார். பெட்டியிலிருந்த ஆசிரியைகள் கை தட்டினார்கள். எஞ்சினுக்குள் மணல் போயிருக்கும் என்று பயந்தேன். சாவியைத் திருப்பியதும் ஒன்றுமே நடக்காததுபோல அது டகடகவென்று ஓடத் தொடங்கியது.

"டீச்சர், நீங்க ட்ராக்டர்லயே வாங்க. கண்டி ரோட்டு வரைக்கும் கொண்டுபோய் விட்டுர்றேன்" என்று டிராக்டர்க்காரர் கூப்பிட்டார்.

மனைவி டிராக்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இல்லை, நான் இவரோடயே வாறன். தனிய விட்டா வழியில இன்னும் எங்கயாவது இறக்கிப்போடுவார்" என்று சொல்லி ஏறி உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள்.

மழை பிடித்துவிட்டது. குடையை என் தலைக்கு மேலும் பிடிக்கப் பார்த்தாள், காற்றில் அது மடங்கிப்போனது. டயர் எரிந்த இடத்தைக் கடக்கும்போது, "அந்தப் பக்கம் பார்க்காதையும்" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பேராதனை வந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

பிறகு சொன்னாள். "காலமை பள்ளிக்கூடத்தில நிறையப் பேரைக் கூட்டிக்கொண்டு போக ஆரோ வந்திச்சினம். புருஷன்மார், தம்பிமார். எனக்கு ஆரும் வரமாட்டினம் எண்டு நினைச்சன். கண்டியிலயிருந்து ஆர் வாறது?"

"நான் பாதி வழிதானே வந்தனான்."

"பாதி வழி வந்தியள்தானே," என்றாள். சத்தமாகச் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அது அழுகையாக மாறியதோ என்னவோ, மழையில் எனக்குத் தெரியவில்லை. நான் ஒரு காலை வெளியே வைத்து வளைவைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் அவள் தனக்கு வண்டி ஓட்டப் பழக்கச் சொன்னாள். அவள் என்னைவிட அரை அடி குள்ளம். முழங்கால் இடிக்கவில்லை, ஸ்டியரிங்கும் மிதிகளும் அளவெடுத்துச் செய்ததுபோல அவளுக்குப் பொருந்தின. நானா அதைப் பார்த்துவிட்டு, "சேர், நீங்க அளந்தது டீச்சருக்குத்தானே? அத முந்தியே செல்லீக்கலாமே" என்றார். ஓம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய்யை நான் இன்றுவரை திருத்தவில்லை.

ஞாயிறு பின்னேரங்களில் அவள் கண்டிக் குளத்தைச் சுற்றி ஓட்டுவாள். நடைக்கு வந்தவர்கள் நின்று பார்ப்பார்கள். பக்கத்து இருக்கையில் நான் இரண்டு கைகளாலும் குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மெதுவாகப் போம், மெதுவாகப் போம் என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.